கழுத்தைக் கொடுத்து வயிறு வளர்த்த தோட்டா

.222 ரெமிங்டன் தோட்டா ஒன்றையும் .223 ரெமிங்டன் தோட்டா ஒன்றையும் மேசைமேல் அருகருகே நிறுத்திவைத்தால், பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அடிவிளிம்பின் குறுக்களவு இரண்டுக்கும் 9.6 மில்லிமீட்டர். முனையில் செருகியிருக்கும் குண்டின் குறுக்களவும் ஒன்றே: 5.69 மில்லிமீட்டர். பித்தளைக் கூட்டின் உயரத்தில் மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாடு உண்டு. பழையது 43.18, புதியது 44.70. எது மேல் என்று துப்பாக்கி அன்பர்களுக்குள் நடக்கும் இத்தனை விவாதம் இதற்காகவா என்று தோன்றும்.

ஆனால் உயரத்தை விட்டுவிட்டுக் கழுத்தைப் பாருங்கள். கூட்டின் உடல் ஒடுங்கித் தோளாகச் சரிந்து, குண்டைக் கவ்விப்பிடிக்கும் குறுகிய பகுதிதான் கழுத்து. .222-இல் அது கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் நீளம். கொக்குபோல் நிமிர்ந்து நிற்கிறது. .223-இல் 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டதுபோல் இருக்கிறது. இரண்டு தோட்டாக்களின் வரலாறும் இந்த மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும் என்று சொன்னால் அதில் மிகை அதிகமில்லை.

பெயரைப் பற்றி ஒரு சொல். .222 என்பதும் .223 என்பதும் அளவுகள் அல்ல, பெயர்கள். ஆயிரத்தில் ஓர் அங்குலம் பெரிய குண்டு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இரண்டும் .224 அங்குலக் குண்டைத்தான் சுடுகின்றன. .218 பீ, .219 ஸிப்பர், .220 ஸ்விஃப்ட் என்று அமெரிக்கத் தோட்டாக் கம்பெனிகள் வரிசையாகப் பெயர் வைத்துக்கொண்டே போனதில், எண்கள் வீட்டுக் கதவிலக்கம்போல ஆகிவிட்டன.

அந்த வரிசையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால்தான் .222 எந்த இடைவெளியை நிரப்ப வந்தது என்பது புரியும். 1930களில் சிறு காலிபர் (குண்டின் குறுக்களவு) வேட்டைத் தோட்டாக்களில் இரண்டு துருவங்கள் இருந்தன. ஒரு பக்கம் .22 ஹார்னெட்: கரும்புகை வெடிமருந்துக் காலத்துப் பழைய கூட்டை வைத்துச் செய்தது, சாதுவானது, சத்தம் குறைவு; ஆனால் நூற்றைம்பது கஜத்தைத் தாண்டினால் குண்டு தாழத் தொடங்கிவிடும். மறுபக்கம் 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட்: 48 கிரெய்ன் (சுமார் 3 கிராம்) குண்டை நொடிக்கு 4,110 அடி வேகத்தில் தள்ளியது. அந்த நாளில் அது மலைக்கவைக்கும் வேகம். விலை என்னவென்றால், குழலின் தொண்டையை அது சூட்டிலேயே அரித்துத் தின்றது. நடுவில் நிற்கும் ஒன்று, அதாவது 250 கஜம் வரை நேராகப் போய், தோளையும் காதையும் வதைக்காமல், குழலையும் எரிக்காமல் இருக்கும் தோட்டா, கடையில் கிடைக்கவில்லை.

அதைச் செய்தவர் ரெமிங்டன் நிறுவனத்தின் பொறியாளர் மைக் வாக்கர். மனிதர் பொறியாளர் மட்டுமல்ல, பெஞ்ச்ரெஸ்ட் போட்டியாளரும்கூட. கனமான மேசையில் துப்பாக்கியை மணல்பைகள்மேல் கிடத்தி, ஐந்து அல்லது பத்துக் குண்டுகளை முடிந்தவரை ஒரே துளைக்குள் போடப் பார்க்கும் விளையாட்டு அது. ஒன்றுக்கொன்று அதிகம் விலகிய இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்து வெற்றி தோல்வி சொல்வார்கள். இப்படிப்பட்ட ஒருவர் தோட்டாவை வரைந்தால் அது எப்படி இருக்கும்? வேகத்தைவிட ஒழுங்குக்கு முதலிடம் கொடுப்பதாக இருக்கும். 1950ஆம் ஆண்டு, ரெமிங்டன் மாடல் 722 துப்பாக்கியோடு சேர்ந்து .222 சந்தைக்கு வந்தது. ஏற்கெனவே இருந்த எந்தக் கூட்டையும் வெட்டியோ நீட்டியோ செய்யாமல், வெள்ளைத்தாளில் தொடங்கி வரைந்தது அது. அந்தக் காலத்தில் புதிய தோட்டா என்றால் பெரும்பாலும் பழைய கூட்டின் கழுத்தைத் திருகி எடுத்ததுதான். ஆகவே இது அபூர்வம்.

கூடு சிறியது. மருந்தின் அளவு ஏறத்தாழ 20 கிரெய்ன், அதாவது ஒன்றேகால் கிராமுக்குச் சற்று மேல். 50 கிரெய்ன் குண்டு நொடிக்கு 3,140 அடி (957 மீட்டர்) வேகத்தில் வெளியேறும். கழுத்து நீளமாக இருப்பதால் குண்டு கூட்டின் அச்சிலிருந்து கோணாமல் நேராக நிற்கும். உதைப்பு மிகக் குறைவு என்பதால், சுட்டவர் தம் குண்டு இலக்கில் பட்டதைத் தொலைநோக்கி வழியாகத் தாமே பார்க்கலாம். பயிர் நிலத்தைத் தோண்டும் உட்சக், பிரெய்ரி நாய் போன்ற பிராணிகளைச் சுடுகிறவர்கள் இதைக் கையிலெடுத்தார்கள். பெஞ்ச்ரெஸ்ட் மேசைகளையும் அது ஆக்கிரமித்துக்கொண்டது. ஃபின்லாந்தின் சாகோ நிறுவனம் தன் சிறிய எல்46 துப்பாக்கியை இதற்கேற்பச் செய்து தந்தது. "ட்ரிபிள் டியூஸ்" என்று செல்லப்பெயரும் வந்துவிட்டது. சுமார் கால் நூற்றாண்டு, துல்லியம் என்ற சொல்லுக்கு அந்த மேசைகளில் .222 என்றுதான் பொருள்.

இங்கே ஒரு சந்தேகத்தை வைத்தாக வேண்டும். ஒரு தோட்டாவுக்குப் 'பிறவித் துல்லியம்' என்று ஒன்று உண்டா? .222 அன்பர்கள் உண்டு என்று சத்தியம் செய்வார்கள். நீண்ட கழுத்து, அடக்கமான அழுத்தம், சிறு மருந்தளவு எல்லாம் உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் யார் கையில் அது வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து மூடும் இறுக்கமான, கெட்டியான போல்ட் துப்பாக்கியில், கவனமாகச் செய்த குழலில், தோட்டாவை ஒவ்வொன்றாக எடைபோட்டு மருந்து நிரப்பும் பித்துப் பிடித்தவர்கள் கையில் வளர்ந்த தோட்டா அது. வீட்டில் படிப்புச் சூழல் இருந்த பிள்ளை முதல் மதிப்பெண் வாங்குவதைப்போல. இந்த ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், துல்லியம் போதாது என்று .223-இன் மேல் விழுந்த பழியையும் சரியாக எடைபோட முடியும்.

.223-க்கு அப்படிப்பட்ட வீடு வாய்க்கவில்லை. அது பிறந்தது இராணுவத்தின் கேள்வித்தாளுக்கு விடையாக.

1957இல் அமெரிக்க இராணுவத்தின் தரைப்படைக் கட்டளைப் பிரிவிலிருந்து, ஜெனரல் வில்லார்ட் வைமன் முன்னெடுத்த ஒரு கோரிக்கை வந்தது. .22 காலிபரில், தொடர்ச்சியாகவும் ஒற்றையாகவும் சுடக்கூடிய, தோட்டா நிரப்பிய நிலையில் சுமார் 6 பவுண்டு எடையுள்ள துப்பாக்கி வேண்டும். அதன் குண்டு 500 கஜத்தில் இராணுவ இரும்புத் தலைக்கவசத்தின் ஒரு பக்கத்தைத் துளைக்க வேண்டும். அந்தத் தூரத்திலும் ஒலியைவிட வேகமாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆர்மலைட் நிறுவனத்தின் யூஜீன் ஸ்டோனர் ஏற்கெனவே ஏஆர்-10 என்ற பெரிய துப்பாக்கியைச் செய்திருந்தார். அதைச் சிறிதாக்கினால் ஏஆர்-15. அதற்கு எந்தத் தோட்டா? கடையில் கிடைத்தவற்றில் மிகச் சரியானது .222 தான். ஆகவே தொடக்கம் அதிலேயே நடந்தது.

500 கஜத்தில் தலைக்கவசத்தைத் துளைக்க 55 கிரெய்ன் குண்டு குழல்வாயில் நொடிக்கு 3,300 அடி வேகத்தோடு கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். துப்பாக்கிப் பத்திரிகை ஒன்றின் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்த ராபர்ட் ஹட்டன் வெவ்வேறு மருந்துகளை வைத்துச் சோதித்தார். அவர் சோதித்த துப்பாக்கி, ரெமிங்டன் 722. அதாவது, .222 எந்தத் துப்பாக்கியோடு உலகுக்கு வந்ததோ அதே மாடலில், அதன் வாரிசுக்கான தேவையும் நிரூபணமாயிற்று. பொதுச் செயல்விளக்கத்தில் குண்டு கவசத்தைத் துளைத்தது. ஆனால் குழலில் தோட்டா அமரும் அறைக்குள் எழுந்த அழுத்தம் அளவுக்கு மீறியது என்று அளவீடுகள் சொல்லின. கூடு போதவில்லை. சின்னப் பாத்திரத்தில் பெரிய சமையல் செய்ய முயன்றதன் விளைவு.

ஸ்டோனர் வின்செஸ்டர், ரெமிங்டன் ஆகிய இரு நிறுவனங்களிடமும் கூட்டின் கொள்ளளவைப் பெருக்கித் தரச் சொன்னார். ரெமிங்டன் செய்து தந்ததன் பெயர் .222 ஸ்பெஷல். இதற்கிடையே ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் எர்ல் ஹார்வி வேறொரு நீட்டிய .222 கூட்டைச் செய்திருந்தார். இராணுவம் அதைக் கைவிட, ரெமிங்டன் 1958இல் அதையே .222 ரெமிங்டன் மேக்னம் என்று கடைக்குக் கொண்டுவந்தது. இப்போது .222, .222 ஸ்பெஷல், .222 மேக்னம் என்று மூன்று. யாராவது தவறான பெட்டியை எடுத்துத் தவறான துப்பாக்கியில் போட்டுவிடக்கூடாது என்று 1959இல் ஸ்பெஷலுக்கு .223 ரெமிங்டன் என்று பெயர் மாற்றினார்கள். குழப்பத்தைத் தவிர்க்க வைத்த பெயர், இன்றைக்கும் .222-ஓடு குழம்பிக்கொண்டிருப்பது வேறு கதை.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. ஏஆர்-15இன் உரிமையைக் கோல்ட் நிறுவனம் வாங்கியது. 1960இல் விமானப்படை ஜெனரல் கர்ட்டிஸ் லெமே ஒரு பண்ணைவீட்டு விருந்தில் ஏஆர்-15 கொண்டு தர்பூசணிகளைச் சுட்டுப் பார்த்து வியந்தார். ஒரு நாட்டின் படைக்கலக் கொள்கையில் தர்பூசணிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. விமானப்படை வாங்கியது, பிறகு தரைப்படை வாங்கியது. துப்பாக்கி எம்16 ஆயிற்று, தோட்டா 5.56 மி.மீ. எம்193 ஆயிற்று. வியட்நாமில் எம்16 அடிக்கடி சிக்கிக்கொண்டு சிப்பாய்களைக் கைவிட்டதும், 1967இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்ததும் இந்தத் தோட்டாவின் கூட்டு வடிவத்தால் அல்ல. மருந்தின் வகையை மாற்றியதும், குழல் அறைக்குக் குரோமியம் பூசாததும், துடைக்கும் கருவிகள் கொடுக்காததும் அதற்குப் பெரிய காரணங்கள். 1964இல் ரெமிங்டன் .223-ஐப் பொதுச் சந்தைக்கும் விட்டது.

மறுபடியும் மேசைமேல் நிற்கும் அந்த இரண்டு தோட்டாக்களுக்கு வருவோம். கூடு வளர்ந்தது ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் தோள் முன்னே நகர்ந்ததோ 4.3 மில்லிமீட்டர். மீதி 2.8 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது? கழுத்திலிருந்து. கழுத்தை வெட்டி அந்த இடத்தை உடலுக்குக் கொடுத்துவிட்டார்கள். கூடு நீளாமல் வயிறு பெருக வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது. தானியங்கித் துப்பாக்கியில் தோட்டா நீண்டுவிட்டால் தோட்டாப்பெட்டியும் நீளும், உள்ளே இயங்கும் பாகங்கள் போய்வரும் தூரமும் நீளும். கழுத்தின் நீளம் குண்டின் குறுக்களவுக்காவது சமமாக இருக்க வேண்டும் என்பது தோட்டா வரைபவர்களின் பழைய விதி. .223-இன் கழுத்து .203 அங்குலம், குண்டு .224 அங்குலம். விதி மீறப்பட்டது. பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் முகம் சுளித்தார்கள். இலக்கில் அதனால் பெரிய கேடு எதுவும் வரவில்லை.

இத்தனை விட்டுக்கொடுத்துச் சேர்த்த வயிறு எவ்வளவு? .222 கூட்டின் உட்கொள்ளளவு 1.74 கன சென்டிமீட்டர்; .223-இல் 1.87. ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல். தாமே மருந்து நிரப்பிக்கொள்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: கொள்ளளவு எத்தனை சதவீதம் கூடுகிறதோ அதில் கால்பங்குதான் வேகம் கூடும். அப்படிப் பார்த்தால் இங்கே இரண்டு சதவீதம்கூடத் தேறாது. நொடிக்கு ஐம்பது, அறுபது அடி. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களில், ஒரே எடைக் குண்டுக்கு வேறுபாடு நூறு முதல் இருநூறு அடிவரை இருக்கிறது. மிச்சம் எங்கிருந்து வருகிறது என்றால், அழுத்தத்திலிருந்து. தோட்டாத் தரங்களை வகுக்கும் ஐரோப்பிய சிஐபி அமைப்பு .222-க்கு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 370 மெகாபாஸ்கல்; .223-க்கு 430. பதினாறு சதவீதம் அதிகம். அமெரிக்கத் தரத்திலும் இதேபோல் இடைவெளி உண்டு: சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டும் 55,000 பவுண்டும்.

ஆக, வாரிசின் கூடுதல் வேகத்தில் பாதிக்கு மேல் பெரிய வயிற்றால் வந்ததில்லை; ஓங்கி அடிக்க அனுமதி கிடைத்ததால் வந்தது. 1950இல் வரைந்தவர்கள் .222-க்கு அடக்கமான வரம்பைக் குறித்துவைத்தார்கள். வரம்பு பிறகு ஏறவில்லை. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

களத்தில் இந்த வேறுபாடு என்ன செய்கிறது? இரண்டு துப்பாக்கிகளையும் 100 கஜத்துக்குச் சரிசெய்துவிட்டு 200 கஜத்தில் சுட்டால், குண்டு தாழும் அளவில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஓர் அங்குலத்துக்கும் குறைவு. நரிக்கோ உட்சக்குக்கோ அது தெரியப்போவதில்லை. 300 கஜத்தைத் தாண்டினால் .223-இன் கை ஓங்கும். ஆனால் அதற்குக் காரணம் வேகத்தைவிட வேறொன்று: குழலுக்குள் ஓடும் புரி.

துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் சுழன்று ஓடும் வரிப்பள்ளங்கள்தான் குண்டைப் பம்பரம்போல் சுழலவைக்கின்றன. எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று என்பதை வைத்து அதன் வேகத்தைச் சொல்வார்கள். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். இல்லையென்றால் தலைகுப்புறக் கவிழும். .222 துப்பாக்கிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 50 கிரெய்ன் குண்டுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை. 55-ஐத் தாண்டினால் தையல் விடும்.

முதல் ஏஆர்-15 குழல்களும் அந்தப் பழக்கத்திலேயே 14 அங்குலப் புரியோடுதான் வந்தன, தாயின் சீதனம். கடுங்குளிர்ப் பகுதியில் சோதித்தபோது பிரச்சினை வெளிப்பட்டது. குளிரில் காற்று அடர்த்தியாகும். அடர்ந்த காற்றில் விளிம்பில் நின்று சுழன்றுகொண்டிருந்த குண்டு தள்ளாடியது. 1963இல் புரியை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இறுக்கினார்கள். 1980இல் நேட்டோ நாடுகள் பெல்ஜியத்தின் எஸ்எஸ்109 என்ற 62 கிரெய்ன் குண்டை ஏற்றுக்கொண்டபோது அமெரிக்கக் குழல்கள் 7 அங்குலத்துக்கு வந்தன. அந்தக் குண்டுக்கு 9 அங்குலமே போதும். ஆனால் அதனோடு சேர்ந்து பாதை காட்டும் ஒளிக்குண்டு மிக நீளம், அதற்காகத்தான் 7.

இந்த ஒரு மாற்றம்தான் .223-ஐ வேறு தோட்டாவாக்கியது என்பேன். புரி இறுகியதும் 69, 77, 80 கிரெய்ன் என்று நீண்டு மெலிந்த குண்டுகள் சாத்தியமாயின. காற்றை எளிதாகக் கிழித்துப்போகும் அவற்றை வைத்துக்கொண்டு, 600 கஜ இலக்குப் போட்டிகளில் பெரிய காலிபர்களை .223 பின்னுக்குத் தள்ளியது. கழுத்து குட்டை, பிறவியிலேயே துல்லியம் இல்லை என்று ஏளனம் செய்யப்பட்ட தோட்டா. நல்ல குழலும் நல்ல குண்டும் பொறுமையான கையும் கிடைத்தபோது அது எப்படிச் சுட்டது என்பதைப் பார்த்தால், மேலே கேட்ட பிறவித் துல்லியக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இராணுவத் தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளிய தோட்டாவை, தளர்ந்த அறையுள்ள துப்பாக்கியில் சுட்டு, அதைக் கவனமாகச் செய்த .222-ஓடு ஒப்பிட்டதே அந்தப் பழிக்குப் பெரும்பாலும் காரணம்.

நியாயமாகச் சொன்னால், .222 கூட்டுக்கும் 8 அங்குலப் புரிக் குழல் ஒன்றைப் போட்டுக்கொடுத்தால் அதுவும் கனமான குண்டைச் சுடும். கொஞ்சம் மெதுவாகச் சுடும், அவ்வளவுதான். யாரும் போட்டுக்கொடுக்கவில்லை. அதற்குள் சந்தை வேறு பக்கம் போய்விட்டது. இராணுவம் ஒரு தோட்டாவை ஏற்றால், சுட்டு உதிர்ந்த பித்தளைக் கூடுகள் மூட்டை மூட்டையாக வெளியே வரும். மறுபடி நிரப்புகிறவனுக்கு அது கிட்டத்தட்ட இலவசம். தோட்டா மலியும், மலிந்த தோட்டாவுக்கு எல்லா நிறுவனமும் துப்பாக்கி செய்யும், துப்பாக்கி பெருகினால் குண்டுவகை பெருகும். .222-க்குப் புகலிடமாக இருந்த பெஞ்ச்ரெஸ்ட் மேசையும் நிலைக்கவில்லை. 1975இல் ஃபெரிஸ் பிண்டெல், லூயி பல்மிசானோ என்ற இருவர் ரஷ்யக் கூடு ஒன்றிலிருந்து செய்த குட்டையும் பருமனுமான 6 மி.மீ. பிபிசி (PPC) தோட்டா வந்தது, சில ஆண்டுகளில் சாதனைப் பட்டியல்களை அது எடுத்துக்கொண்டது. பெரிய கடையை .223-இடமும் சின்னக் கோயிலைப் பிபிசியிடமும் இழந்துவிட்டு நின்றது .222.

அமெரிக்காவில்தான் இந்த நிலை. ஐரோப்பாவில் அதற்கு எதிர்பாராத காப்பாளன் ஒருவன் கிடைத்தான்: சட்டம். இராணுவத் தோட்டாக்களைப் பொதுமக்கள் வைத்திருப்பதில் கட்டுப்பாடுள்ள நாடுகளில், 5.56 மி.மீ.க்கு உள்ள தடை .222-க்கு இல்லை. பிரான்ஸில் 5.56×45 தோட்டாவைச் சுடும் துப்பாக்கி, எப்படி இயங்கினாலும், இறுக்கமான வகுப்பில்தான் வைக்கப்படுகிறது. அரை மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கும் சட்டத்தின் கண்ணில் .222 வெறும் வேட்டைத் தோட்டா. ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாக இருப்பது அங்கே வரமாகிவிட்டது. ரூகர் நிறுவனம் தன் மினி-14 துப்பாக்கியை இப்படிப்பட்ட வெளிநாட்டுச் சந்தைகளுக்காக .222-இலும் செய்தது. சாகோ, லாபுவா, நார்மா, செல்லியர் அண்ட் பெல்லோ போன்ற ஐரோப்பியப் பெயர்கள் .222 பெட்டிகளில் இன்றும் தென்படுவதற்குக் காரணம் பழம்பாசம் மட்டுமல்ல.

அதே சட்டம் வேறு இடத்தில் நெருக்கவும் செய்கிறது. ஸ்காட்லாந்தில் ரோ என்ற சிறுவகை மானைச் சுடக் குண்டு 50 கிரெய்னுக்குக் குறையக்கூடாது. குழல்வாய் வேகம் நொடிக்கு 2,450 அடியும், ஆற்றல் 1,000 அடி-பவுண்டும் இருக்க வேண்டும். .222 பெட்டியில் 50 கிரெய்ன், 3,140 அடி என்று இருந்தால் ஆற்றல் 1,094 வருகிறது; தேறிவிட்டது. ஆனால் அந்த 3,140 நீண்ட சோதனைக் குழலில் அளந்தது. 50 கிரெய்ன் குண்டு ஆயிரம் அடி-பவுண்டைத் தொட வேண்டுமானால் வேகம் 3,000 அடிக்குக் கீழே போகக்கூடாது. கையில் இருப்பது 140 அடி மட்டுமே. காட்டில் தூக்கித் திரிய வசதியாக இருக்கட்டும் என்று குழலை நான்கைந்து அங்குலம் குறைத்துவிட்டால் அந்த 140-ம் கரைந்துபோகலாம். .223-க்கு இந்தக் கவலை இல்லை. 55 கிரெய்ன், 3,240 அடியில் அது 1,280-ஐத் தொடுகிறது.

ஈயம் இல்லாத குண்டுகள் பரவிவருவது .222-க்கு இதைவிடப் பெரிய சிக்கல். கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முற்றிலும் தடைசெய்துவிட்டது. ஈயத்துக்குப் பதில் செம்பு. செம்பு ஈயத்தைவிட இலேசு என்பதால், அதே 50 கிரெய்ன் எடைக்குச் செப்புக்குண்டு நீளமாக இருக்கும். நீளக் குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும் என்று பார்த்தோம். .222-இன் 14 அங்குலப் புரி அதற்கு எட்டாமல் தடுமாறக்கூடும். 40 கிரெய்ன் செப்புக்குண்டுக்கு இறங்கலாம். ஆனால் ஸ்காட்லாந்து போன்ற இடத்தில் 50-க்குக் கீழே போகச் சட்டம் விடாது. எடை குறையக்கூடாது என்று ஒரு பக்கம், நீளம் கூடக்கூடாது என்று மறுபக்கம். 1950இல் கழுத்தின் நீளத்தைப் பற்றி அத்தனை யோசித்தவர்கள், குண்டின் உலோகமே மாறும் என்று எப்படி யோசித்திருக்க முடியும்?

இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. .223 தோட்டாவை .222 அறையில் நுழைத்தால் தோள் இடித்து, போல்ட் மூடாது, அதுவே பாதுகாப்பு. ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. .222 தோட்டா .223 அறைக்குள் எளிதாகப் போய்விடும். அடிவிளிம்பு ஒன்றே என்பதால் போல்ட்டும் மூடும். ஆனால் தோளுக்கு முன்னே நான்கு மில்லிமீட்டருக்கு மேல் வெறும் வெளி. வெடித்தால் பித்தளை அந்த வெளியை நிரப்ப நீண்டு, கிழியவோ அடிப்பாகம் பிரியவோ வாய்ப்புண்டு; கொதிக்கும் வாயு பின்னோக்கி வரும். பெட்டியைப் படிக்காமல் கையிலிருந்த தோட்டாவைப் போடுவது இந்த இணையில் குறிப்பாகக் கெட்ட பழக்கம்.

குடும்பம் இந்த இருவரோடு நிற்கவில்லை. .222-ஐக் குட்டையாக்கி 1963இல் .221 ஃபயர்பால் வந்தது. தோற்றுப்போன .222 மேக்னத்தின் கூட்டில் கழுத்தை மட்டும் ஒடுக்கி, 2004இல் .204 ரூகர் வந்தது. .300 பிளாக்அவுட் என்ற தோட்டாவுக்கும் இதே அடிவிளிம்புதான். மைக் வாக்கர் குறித்த அந்த 9.6 மில்லிமீட்டர், உலகின் ஏராளமான போல்ட் முகப்புகளில் இன்றும் பொறிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.

பழைய .222 துப்பாக்கி ஒன்று பரம்பரையாகக் கைக்கு வந்தவர்கள் ஆயுதக் கம்மியரிடம் கேட்கும் வழக்கமான கேள்வி, "அறையைக் கொஞ்சம் குடைந்து .223 ஆக்கித் தர முடியுமா?" என்பதுதான். முடியும். .223 அறை நீளம் என்பதால் குடைகிற கருவியை முன்னே செலுத்தினால் வேலை முடிந்தது. போல்ட்டை மாற்ற வேண்டியதுகூட இல்லை. பலர் செய்திருக்கிறார்கள். மலிவான தோட்டா கிடைக்கும் என்பது மட்டும் நோக்கமானால் அதில் தவறில்லை. ஆனால் குழலுக்குள் அதே 14 அங்குலப் புரி அப்படியே இருக்கும். .223-ஐத் தேடிப்போக வைத்த கனமான குண்டு எதையும் அந்தக் குழல் நேராக அனுப்பாது. கைக்கு வருவது, 55 கிரெய்னைத் தாண்ட முடியாத, கழுத்தும் போன ஒரு .222.